ஜெர்மனுக்கு எட்டுப் பேர்

பள்ளிப் பத்திரிகையில், வேலையை விட்டுப் போகும் ஜெர்மன் வாத்தியார் நோயல் ஹேத்தர்லிக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் பாதியைப் படம் தின்றுவிட்டது. மீதியில், கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார், வருஷத்துக்கு ஒரு மழைக்கோட்டைத் தொலைத்தார், 'நிம்மதியான ஓய்வுக்காலத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். யாரைக் கேட்டு எழுதினார்களோ தெரியவில்லை. நான் லட்ஃபோர்ட் விடுதியின் மேட்ரன்; பையன்களின் சாப்பாடு, துணிமணி, காய்ச்சல் எல்லாம் என் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டியவள். ஒழுங்காக எழுத ஆளில்லை என்றால் நானே எழுதிவிட்டுப் போகிறேன்.

அவருடைய அப்பா இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரிம்ஸ்பி பக்கத்தில் ரயில்வேயில் சிக்னல் போட்டவர். வீட்டில் புத்தகம் என்று இருந்தது ரயில் நேர அட்டவணைதான். உள்ளூர்ப் பள்ளியில் யாரோ ஒருவர் ஜெர்மன் நடத்தப் போக, இவருக்கு அது ஒட்டிக்கொண்டது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "வினைச்சொல் கடைசில வரும் க்வெண்டா. வாக்கியம் முடியுற வரைக்கும் பொறுமையா கேட்டாகணும். எனக்கு அது பிடிச்சுப் போச்சு" என்றார். இதெல்லாம் ஒரு காரணமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஷ்ராப்ஷயரில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய இந்த மழை ஓயாத ஊருக்கு ஒரே ஒரு வருஷம் என்று வந்தவர் போகவே இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஹெரிஃபோர்டில் ஒரு பெண் இருந்தாள் என்பார்கள். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பிறகு லட்ஃபோர்டுக்கு ஹவுஸ் மாஸ்டர், அதாவது விடுதிப் பொறுப்பாளர், ஆனார். பூட்ஸ் கழற்றும் அறைக்கு மேலே மூன்று அறைகள் கொடுத்தார்கள். ஈர சாக்ஸ் நாற்றம் மாடிப்படி ஏறி அவருடைய சாப்பாட்டு மேசை வரை வரும். அவருக்கு வீடு என்று வேறு எதுவும் கிடையாது.

நல்ல வாத்தியாரா என்றால், நல்ல வாத்தியார்தான். ஆனால் கவர்ச்சி கிடையாது. எதையும் விற்கத் தெரியாது. அதுதான் வினையாக முடிந்தது.

எங்கள் பள்ளியில் சேரும் சின்னப் பையன்கள் முதல் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், சங்கீதம், மரவேலை, நாடகம், களிமண் வேலை என்று எல்லாம். தினமும் சாயங்காலம் அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கே மண்டை காயும். இரண்டாம் வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். அதில் மூன்று பத்தி, ஒவ்வொன்றிலும் சில பாடங்கள். பத்திக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றைக் கைகழுவலாம். இந்தத் தடவை மூன்றாவது பத்தியில் ஜெர்மன், மரவேலை, நாடகம் மூன்றையும் ஒன்றாகப் போட்டிருந்தாள் பிலிப்பா. பாடத்திட்டம், கால அட்டவணை எல்லாம் அவள் பொறுப்பு. பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் உளியையும் பொய்த்தாடியையும் ஜெர்மன் அகராதியையும் வைத்து ஒன்றை எடு என்றால் எதை எடுப்பான்? அவள்மேல் குறை சொல்லக் கூடாது. அவளுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் சொல்லத்தான் செய்வேன்.

சீட்டு கொடுப்பதற்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சாயங்காலம் எல்லா வாத்தியார்களும் ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்து பாடத்தைப் பற்றிச் சொல்வது வழக்கம். நாடக மேசையில் சர்க்கரை தூவிய டோநட்டும் வாளும். மரவேலை மேசையில் பெரிய பையன் ஒருவன் செய்த கிடார். நோயலின் மேசையில் ஒரு அகராதி, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. பிரித்து வையுங்கள் என்று நான்தான் பிரித்து வைத்தேன்.

ஒரு பையன் வந்தான். "சார், இனிமே ஜெர்மன் ஈஸியா இருக்குமா?"

"இல்லப்பா. அடுத்த வருஷம் கஷ்டம். அதுக்கடுத்த வருஷம் அதவிடக் கஷ்டம்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடும்."

பையன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நாடகத்துப் பக்கம் போய்விட்டான். மேசைக்கு அடியில் அவர் காலை நான் மிதித்தேன்.

"என்ன க்வெண்டா, உண்மையத்தான சொன்னேன்?"

"உண்மைய யாரு கேட்டா? ஈஸியான்னுதான கேட்டான்."

கூட்டம் கலைந்த பிறகு பிலிப்பா வந்தாள். கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. அவளும் களைத்துத்தான் இருந்தாள். "நோயல், எட்டுப் பேர் சேரலன்னா செப்டம்பர்ல புதுசா வகுப்பு தொடங்க மாட்டாங்க, சின்ன வகுப்புலயும் ஜெர்மன நிறுத்திடுவாங்க. மேல முடிவு பண்ணிட்டாங்க. மேல் வகுப்புல மிச்சம் இருக்கிற நாலஞ்சு பசங்கள வாரத்துக்கு ரெண்டு நாள் வர்ற ஆளை வெச்சு முடிச்சிடுவாங்க."

"நான்?"

அவள் தரையைப் பார்த்தாள். "பாடம் எடுக்காதவங்களுக்கு ஹவுஸ் மாஸ்டர் வேலை கிடையாதுன்னு விதி இருக்கே."

"ஆமா, இருக்கு" என்றார் நோயல். கடைக்காரன் பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னதைக் கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு அகராதியைப் பையில் வைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தது நான்தான். பாடம் போனால் விடுதி போகும், விடுதி போனால் மேலே இருக்கும் மூன்று அறையும் போகும். ஐம்பத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிரிம்ஸ்பியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தப் பேச்சு எப்படியோ பையன்கள் காதுக்குப் போய்விட்டது. விடுதியில் எது ரகசியம்? எங்கள் இரண்டாம் வருஷப் பையன்களில் ஸ்ட்ரிக்லண்ட் என்று ஒருவன். அப்பா ராணுவத்தில், சைப்ரஸில் இருக்கிறார். அம்மா எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்க்கிற பயல். துணி உலர்த்தும் அறையில் கப்பிக் கயிறு அறுந்தால் நான் ஆள் அனுப்பச் சொல்லி எழுதுவதில்லை, இவனைக் கூப்பிடுவேன். ஜெர்மனில் மட்டும் சுத்த சூனியம். அவன்தான் பூட்ஸ் அறையில் கூட்டம் போட்டிருக்கிறான். ஈர பூட்ஸ்களை விலக்கிக்கொண்டு எல்லோரும் பெஞ்சில் உட்கார, இவன் நின்று பேசினானாம்.

பத்து வயதில் வீட்டைவிட்டு வந்து விடுதிதான் எல்லாம் என்று வளரும் பையன்களுக்கு விடுதி மானம் என்பது சாதாரண விஷயமில்லை. விடுதிகளுக்குள் நடக்கும் ரக்பி ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால், பந்தைக் கண்டாலே ஓடுகிறவன்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவான். பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மன் எடுப்பதையும் அவர்கள் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் சீட்டுகள் வந்தன. எங்கள் விடுதியின் இரண்டாம் வருஷப் பையன்கள் பதினோரு பேரும் மூன்றாவது பத்தியில் ஜெர்மன் என்று எழுதியிருந்தார்கள்.

பிலிப்பாவே போன் பண்ணினாள். "மத்த விடுதிகள்லேர்ந்து மூணு பேர். உங்ககிட்டேர்ந்து பதினோரு பேரா? என்ன மந்திரம் போட்டீங்க?" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் விடுதி முழுவதற்கும் கஸ்டர்ட் இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னேன். நோயலின் பழைய கம்பளிக் கார்டிகனில் முழங்கை கிழிந்திருந்ததை எடுத்துத் தைத்துக்கூட வைத்தேன். இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டும் அல்லவா?

மேலே போய்ப் பார்த்தால் மனிதர் கையெழுத்துக்கு வந்த சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"என்ன, அழுதீங்களா?"

"இல்ல. இவனுங்க ஜெர்மன எடுக்கல க்வெண்டா. என்னை எடுத்திருக்கானுங்க."

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. பேசாம கையெழுத்தப் போடுங்க."

அந்தக் கையெழுத்தில்தான் சிக்கல். பெற்றோர் பாதிப் பேர் தூர தேசத்தில் இருப்பதால், சீட்டில் பெற்றோர் இடத்தில் ஹவுஸ் மாஸ்டர் கையெழுத்துப் போடுவது எங்கள் பள்ளியின் பழக்கம். பக்கத்து ஊர்ப் பெற்றோர்கூட, அவர் சொன்னால் சரிதான் என்று விட்டுவிடுவார்கள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பையனையும் ஹோம்வொர்க் முடிந்ததும் விடுதிச் சமையலறைக்குக் கூப்பிட்டு, டோஸ்ட் போட்டுக் கொடுத்து, ஏன் இதை எடுத்தாய் என்று பேச வேண்டும். மற்ற விடுதிகளில் இதை டோஸ்ட் கருகுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

"ஸ்ட்ரிக்லண்டோட அப்பா இடத்துல நான் கையெழுத்துப் போடணும்" என்றார். "அவன் அப்பாவா இருந்தா இதுக்குப் போடுவேனா? மூணு வருஷம் அவன் அந்த வகுப்புல முழி பிதுங்கி உட்காரணும். பக்கத்து அறைல உளிச் சத்தம் கேட்டுட்டே இருக்கும்."

"எல்லாரையுமா அப்படியே விடச் சொல்றேன்? உங்களுக்கு எட்டுப் பேர்தான வேணும். வெளியில மூணு. நம்ம வில்ஃப் நெஜமாவே ஆசைப்பட்டு எடுத்திருக்கான், அது நாலு. இன்னும் நாலு பேர மட்டும் கண்டுக்காம விடுங்க. மத்தவங்கள மாத்திக்கங்க."

"எந்த நாலு பேர?"

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கி வந்தேன்.

வில்ஃப் டட்ரிட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லட்லோவுக்கு அப்பால் செம்மறி வளர்க்கிற வீட்டுப் பையன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு உப்பில்லாமலே தின்பான். ஆனால் ஜெர்மன் என்றால் கண் விரியும். போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிற பையன்களிடம் நான் எத்தனையோ விதமான புத்தகங்களைப் பிடுங்கியிருக்கிறேன். ஜெர்மன் இலக்கணத்தைப் பிடுங்கியது அவனிடம் மட்டும்தான்.

டோஸ்ட் பேச்சு அவனிடமிருந்துதான் தொடங்கியது. நோயல் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "நான் இந்தப் பள்ளிக்கூடத்துலயே இல்லன்னு வெச்சுக்க. அப்ப எத எழுதியிருப்ப?"

வில்ஃப் யோசிக்கவே இல்லை. "ஜெர்மன்தான் சார்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் எதைப் பற்றியோ பேசினார்கள் பேசினார்கள் அப்படிப் பேசினார்கள். அந்தப் பையனுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டோஸ்ட் விறைத்துப் போயிற்று. நோயல் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்தடுத்த சாயங்காலங்களில் மற்றவர்கள் வந்தார்கள். வீறாப்பாக வருவார்கள், ஜெர்மன்தான் சார் என்பார்கள். இவர் வெண்ணெய் தடவிக்கொண்டே, "நான் இல்லன்னா?" என்பார். ஒருவன் நாடகம் என்றான். ஒருவன் மரவேலை என்றான். ஒருவன், "நீங்க இல்லன்னா நான் வீட்டுக்கே போயிடுவேன் சார்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினான். அவனுக்கு இரண்டாவது டோஸ்ட் போட்டு, கடைசியில் நாடகம் என்று எழுத வைத்து அனுப்பினார். நான் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டு உருட்டினேன். இந்த மனிதர் தனக்குத் தானே குழி தோண்டுவதை டோஸ்ட் போட்டுக்கொடுத்து நான் பார்க்க வேண்டுமா?

கடைசியாக ஸ்ட்ரிக்லண்ட் வந்தான். உட்காரவில்லை.

"என்னை மாத்தப் பாக்காதீங்க சார். நான் மாற மாட்டேன்."

"உட்காருடா முதல்ல."

"எல்லாப் பயலும் மாறிட்டானுங்க. துரோகிங்க."

"அவனுங்க துரோகி இல்ல. நான் கேட்டேன், சொன்னானுங்க."

"மேட்ச்சுக்கு ஆள் குறைஞ்சா இப்படியா சார் ஒவ்வொருத்தனையா கூப்பிட்டு உனக்குப் பிடிக்குதான்னு கேப்பாங்க?"

"மேட்ச்சு ஒரு சனிக்கிழமையோட முடிஞ்சிடும். இது மூணு வருஷம்டா."

ஸ்ட்ரிக்லண்ட் தட்டைப் பார்த்தான். "உங்க வீடு போயிடுமாமே சார்?"

நோயல் கத்தியைக் கீழே வைத்தார். "அது என் கவலை. நீ அதைச் சுமக்கக் கூடாது. இந்த டோஸ்டர்ல திருகு புதுசா இருக்கே, யாரு கழட்டினது?"

"...நான்தான் சார்."

"ஒழுங்கா மாட்டினியா?"

"முன்ன ஒரு பக்கம்தான் சிவக்கும். இப்ப ரெண்டு பக்கமும் சிவக்குது பாருங்க."

"அப்ப நீ எத எழுதணும்?"

பையன் அழுதுவிட்டான். ராணுவக்காரன் மகன், அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று டோஸ்டர் பக்கம் திரும்பி நின்று அழுதான். பிறகு மரவேலை என்று எழுதினான். அவன் போனதும் நான் வாயை அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "திருப்தியா உங்களுக்கு?"

"இல்ல" என்றார். "ரொம்ப அசதியா இருக்கு க்வெண்டா."

அவ்வளவுதான். மொத்தம் நாலு பேர். பிலிப்பா திரும்பவும் போன் பண்ணினாள். இந்தத் தடவை மந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஜெர்மன் எடுத்த நாலு பேரும் வேறு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றாள். மற்ற விடுதிப் பையன்கள் மூவரும் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது வில்ஃப்.

நான் சொல்கிறேன் என்றேன். நோயல் வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை ஹோம்வொர்க் முடிந்ததும் வில்ஃப் சமையலறைக்கு வந்தான். கையில் ஒரு புத்தகம். மேல் வகுப்புப் பையன் ஒருவனிடம் அடுத்த வருஷத்து ஜெர்மன் பாடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதியிருந்தான். உப்புக் கேட்கக் கூச்சப்படும் பையன் பெரிய பையனிடம் போய்ப் புத்தகம் கேட்டிருக்கிறான்.

நோயல் சுற்றி வளைக்கவில்லை. வகுப்பு நடக்காது என்றார். ஏன் என்றும் சொன்னார்.

வில்ஃப் புத்தகத்தின் ஓரத்தைத் தடவினான். "எல்லாரும் எழுதியிருந்தாங்களே சார். நீங்கதான மாத்தச் சொன்னீங்க?"

"ஆமா."

"ஸ்ட்ரிக்லண்டும் இன்னும் மூணு பேரும் இருந்திருந்தா வகுப்பு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"அவங்களுக்கு நல்லதுன்னு மாத்துனீங்க."

"ஆமா வில்ஃப்."

"எனக்கு?"

நான் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். குழாயை மூடினேன். இத்தனை நாளும் அந்த மனிதர் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை என்றுதான் நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பையனைப் பற்றி யோசிக்கவில்லை என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தன் வீடு போவதற்கு அவர் தயாராக இருந்தார். இதற்குத் தயாராக இல்லை.

"உனக்கு நான் எதுவும் பண்ணல" என்றார் கடைசியில். "தப்புதான். ஜூலை வரைக்கும் சாயங்காலம் வா. நான் சொல்லித் தர்றேன்."

"ஜூலைக்கு அப்புறம் சார்?"

வில்ஃப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசையில் இருந்த புதுச் சீட்டைத் தன் பக்கம் இழுத்து, எதையும் படிக்காமல், மூன்றாவது பத்தியில் நாடகம் என்று எழுதித் தள்ளினான்.

நோயல் அதை எடுத்துப் பார்த்தார். வாயைத் திறந்து பேசவே வராத பையன், நாடகமாம். பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது உனக்கு வேண்டாம் என்று பேசி மாற்றியவர், இவனிடம் அதைச் சொல்லாமல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.